செமி ஆட்டோவுக்கு உதை கம்மியா ரீலோட் பண்றது, 9எம்எம், மனைவி கை வலிக்காம சுடணும்

பிளேனோ_சரவணன்

எல்லாருக்கும் வணக்கம். டெக்சாஸ்ல இருக்கேன், ரீலோடிங் (சுட்ட காலி கேஸ்ல, அதாவது பித்தளைக் கூட்டுல, தீப்பொறி குடுக்கற பிரைமர், பவுடர், புல்லட் போட்டு மறுபடி தோட்டா செய்யறது) ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, லீ டர்ரெட் ப்ரெஸ்னு தோட்டா போடற மெஷின் ஒண்ணு வெச்சுகிட்டு 9எம்எம் மட்டும்தான் போடறேன். விஷயம் என்னன்னா, வீட்டுக்காரிக்கு போன வருஷம் வலது கை கட்டைவிரல் அடில தசைநார் ஆபரேஷன் ஆச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேந்து ஸ்டீல் சேலஞ்ச் மேட்ச் (இரும்புத் தட்டுகள நேரம் வெச்சு சுடற போட்டி) போவோம், என்னைவிட அவதான் நல்லா சுடுவா. இப்ப டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிங்கன்னு சொல்லிட்டார். போன ஞாயித்துக்கெழமை ரேஞ்சுக்கு போய் கடைல வாங்குன 115 கிரெயின் (புல்லட்டோட எடை) தோட்டா போட்டு அவளோட க்ளாக் 17-ல சுட்டா. ரெண்டாவது மேகசின் பாதி கூட போகல, துப்பாக்கிய பெஞ்சுல வெச்சுட்டு மணிக்கட்ட இன்னொரு கையால புடிச்சுகிட்டு அப்படியே நின்னா. வாய தொறந்து ஒண்ணும் சொல்லல, எனக்குதான் மனசு கேக்கல.

சரி, நாமதான் தோட்டா போடறோமே, பவுடர கொறைச்சா உதை கொறையும்னு அதே 115 புல்லட்டுக்கு புக்ல இருக்கற ஆரம்ப அளவுல இருபது போட்டு எடுத்துட்டு போனேன். உதை கொறஞ்சுது, ஆனா அவ சுட்டா பத்துக்கு மூணு ஸ்டவ்பைப், காலி கேஸ் வெளிய போகாம ஸ்லைடு வாய்ல செங்குத்தா மாட்டிகிட்டு நிக்குது. கடைசி ரவுண்டுக்கு அப்பறம் ஸ்லைடு பின்னாடி நிக்கவும் இல்ல. அதே தோட்டாவ நான் சுட்டா பத்துக்கு ஒண்ணுதான் மாட்டுது. இன்னும் கொறைக்கலாமா, இல்ல வேற எதையாவது மாத்தணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஹூஸ்டன்_தேன்மொழி

தம்பி, மொதல்ல இதுக்கு மேல பவுடர கொறைக்காதீங்க. ஆரம்ப அளவுக்கு கீழ போறது செமி ஆட்டோல தீர்வே இல்ல.

ரிவால்வர்ல சிலிண்டர திருப்பறது நம்ம விரல், அதனால எவ்ளோ மெல்லிசா போட்டாலும் அடுத்த ரவுண்டு வந்து நிக்கும். உங்க துப்பாக்கில ஸ்லைட பின்னாடி தள்றது, காலி கேஸ வெளிய எறியறது, அடுத்தத ஏத்தறது எல்லாமே அந்த உதையோட வேலைதான். நீங்க கொறைச்சது கைக்கு வர்ற உதைய மட்டும் இல்ல, துப்பாக்கியோட கூலியையும் சேத்து கொறைச்சுட்டீங்க. அவங்க கைல அதிகமா மாட்டறதுக்கு காரணமும் அதுதான், ஆபரேஷன் ஆன கை இறுக்கி பிடிக்காது, ஃப்ரேம் கூடவே பின்னாடி வந்துரும், ஸ்லைடுக்கு கிடைக்க வேண்டிய ஓட்டம் பாதி கைலயே போயிரும். அவங்க மேல தப்பே இல்ல, தயவுசெஞ்சு "கெட்டியா பிடி"ன்னு சொல்லிராதீங்க.

இப்ப கணக்குக்கு வாங்க. புல்லட் எடைய கிரெயின்ல எடுத்து, வேகத்த எஃப்பிஎஸ்ல (நொடிக்கு எத்தன அடி) எடுத்து, பெருக்கி 1000-ஆல வகுத்தா பவர் ஃபேக்டர், தோட்டா எவ்ளோ வலுன்னு சொல்ற எண். கடை 115 கிரெயின் உங்க துப்பாக்கில 1170 கிட்ட ஓடுதுன்னு வெச்சுக்கங்க, 134 சொச்சம் வரும். யூஎஸ்பிஎஸ்ஏ போட்டில கீழ்மட்டமான மைனர்க்கு 125 வேணும், ஸ்டீல் சேலஞ்ச்ல பவர் ஃபேக்டர் கேக்கவே மாட்டாங்க, அது உங்களுக்கு பெரிய வசதி. 147 கிரெயின் புல்லட்ட 800 எஃப்பிஎஸ்ல ஓட்டினா 117 தான். உதையோட சக்தி இந்த எண்ணோட வர்க்கத்துல கொறையும், அதனால 134-ல இருந்து 117-க்கு வந்தா கையில வாங்கற சக்தி கிட்டத்தட்ட கால்வாசி போயிரும். இதுல இன்னொரு லாபம் இருக்கு, பலபேர் கவனிக்கறதில்ல. பவுடரும் எரிஞ்சு வாயுவா மாறி புல்லட்டுக்கு பின்னாடியே சீறிகிட்டு வெளிய போகுது, அதுவும் ஒரு உதை. கனமான புல்லட்டுக்கு வேகமா எரியற பவுடர் கொஞ்சமா போட்டா போதும், அதனால அந்த சீற்றமும் கம்மி. நான் 147 பாலிமர் கோட்டிங் போட்ட ஈய புல்லட்தான் ரொம்ப வருஷமா போடறேன், கையில "சுரீர்"னு அடிக்காம மெதுவா யாரோ உள்ளங்கைய தள்ளுற மாதிரி இருக்கும். சத்தமும் அப்படியே கொறையும், ஒலி வேகம் 1100 சொச்சம், இது அதுக்கு ரொம்ப கீழ.

அதனால என் பதில், பவுடர தொடாதீங்க, புல்லட்ட மாத்துங்க. 147-க்குன்னு தனியா பதிப்பிச்ச டேட்டாவ எடுத்து ஆரம்ப அளவுல இருந்து போங்க. 115-க்கு உள்ள எண்ண வெச்சு 147 போட்டுறாதீங்க, கனம் கூடினா அழுத்தமும் கூடும்.

வேகம்_வினோத்

எல்லாரும் 147 147-ன்னு சொல்றாங்க, எனக்கு அது பிடிக்கல. ஸ்லைடு ஏதோ தண்ணிக்குள்ள போய்ட்டு வர்ற மாதிரி சோம்பேறியா இருக்கு, டாட் (குறி பாக்கற ஒளிப்புள்ளி) திரும்பி வர்றதுக்குள்ள நான் அடுத்தத சுட ரெடி ஆயிடறேன். 124 கிரெயின் 1040-ல போட்டா 129 வருது, எனக்கு அதுதான் சரி. ஓப்பன் டிவிஷன்ல பேரல் நுனில கம்பென்சேட்டர் (வாயுவ மேல தள்ளி வாய் எழும்பாம பாக்கறது) வெச்சு சுடறவங்களுக்கு கதையே தலைகீழ், அங்க வாயு நெறைய வேணும், மெதுவா எரியற பவுடர நெறைய போட்டாதான் கம்ப் வாய கீழ அமுக்கும், மெல்லிசான லோடு போட்டா கம்ப் சும்மா எடையா தொங்கும். மெல்லிசுன்னா ஒரே வழிதான்னு நினைக்காதீங்கன்னு சொல்ல வந்தேன்.

ஹூஸ்டன்_தேன்மொழி

வினோத், உங்க டைமிங்குக்கு அது சரி, நான் மறுக்கல. ஆனா இங்க பேச்சு வேகத்த பத்தி இல்ல, ஒரு வெட்டுப்பட்ட தசைநார பத்தி. அந்த கைக்கு அடி எவ்ளோ நேரத்துல பரவி விழுதுங்கறதுதான் முக்கியம்.

கரூர்க்காரன்

அக்கா சொன்னது மொத்தமும் சரி, நான் ஸ்பிரிங் பத்தி மட்டும் சேக்கறேன்.

க்ளாக் 17-ல வர்ற ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைட திருப்பி முன்னாடி தள்றது) கடை தோட்டாவுக்கு கணக்கு பண்ணது. மெல்லிசான லோடுக்கு அது கெட்டி. அந்த ஸ்பிரிங்க தாங்கற ஸ்டீல் கைட் ராடும் 13-ல இருந்து 15 பவுண்டு வரைக்கும் ரெண்டு மூணு ஸ்பிரிங்கும் தனியா வாங்கிக்கங்க, பெரிய காசு இல்ல. பழைய ஸ்பிரிங்க சுத்து சுத்தா வெட்டி மெல்லிசாக்கற வேலைய மட்டும் செய்யாதீங்க. ஒவ்வொரு ஸ்பிரிங்கா கொறைச்சுகிட்டே வாங்க, காலி கேஸ் எங்க விழுதுன்னு பாருங்க. காலடில சொத்துன்னு விழுந்தா ஸ்லைடுக்கு பத்தல, பத்தடி தள்ளி பறந்தா ஸ்பிரிங் ரொம்ப லூசு. எனக்கு நாலஞ்சு அடில ஒரே கூடையா விழுந்தா திருப்தி.

ஆனா க்ளாக்ல ஒரு விஷயம் இருக்கு. ஸ்ட்ரைக்கர் (பிரைமர குத்தற ஊசி) ஸ்பிரிங் ஸ்லைட பின்னாடி இழுக்கும், ரீகாயில் ஸ்பிரிங் முன்னாடி தள்ளும். ரீகாயில் ஸ்பிரிங்க ரொம்ப மெல்லிசா போட்டா ஸ்லைடு முழுசா மூடாம ஒரு நூல் நிக்கும். சோதிக்கறது எப்படின்னா, துப்பாக்கிய காலி பண்ணுங்க, மேகசின எடுங்க, சேம்பர்ல (தோட்டா உக்கார்ற இடம்) கண்ணால பாத்து விரலாலயும் தடவி பாருங்க. பத்திரமான திசைல வாய மேல பாக்க புடிச்சு ட்ரிக்கர அழுத்தி வெச்சுகிட்டே ஸ்லைட பின்னாடி இழுத்து கையோட மெதுவா முன்னாடி விடுங்க. தானா முழுசா மூடணும். நடுவுல நின்னா அந்த ஸ்பிரிங் வேண்டாம், ஒரு படி மேல போங்க.

லோடு சரியான்னு பாக்க இன்னொரு சோதனை. மேகசின்ல ஒரே ஒரு ரவுண்டு போட்டு சுடுங்க, ஸ்லைடு பின்னாடி பூட்டி நிக்கணும். அத ரெண்டு கைல, ஒத்தைக் கைல, இடது கைல தளர்வா புடிச்சு, பத்து பத்து தடவ பண்ணுங்க. உங்க கைல ஓடினா போதாது, அவங்க கைல ஓடணும். மெல்லிசான ஸ்பிரிங் போட்ட துப்பாக்கில அப்பறம் மறந்துபோய் கடை தோட்டாவ ஏத்தி ஏத்தி சுடாதீங்க, ஸ்லைடு ஃப்ரேம போட்டு இடிச்சுகிட்டே இருக்கும். வீட்டு பாதுகாப்புக்கும் அதே துப்பாக்கின்னா ஒரிஜினல் ஸ்பிரிங்க திருப்பி மாட்டிருங்க.

பிளேனோ_சரவணன்

அக்கா, அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. "கெட்டியா பிடி"ன்னு நான் சொல்லியே விட்டேன், ரெண்டு தடவ. இன்னைக்கு காலைல காபி குடிக்கும்போது மன்னிப்பு கேட்டுட்டேன்.

147 கோட்டட் 500 ஆர்டர் பண்ணிருக்கேன். ஒரு சந்தேகம், பவுடர் அளவு ரொம்ப சின்னதா இருக்கு, கேஸ்ல பாதி கூட ரொம்பாது, அது பரவாயில்லையா?

நிர்வாகி

இதுக்கு கீழ ஒருத்தர் பவுடர் பேரும் கிரெயின் எண்ணும் போட்டிருந்தார், எடுத்துட்டேன். இங்க லோடு எண் எழுத வேண்டாம், ஒரு தசமப்புள்ளி இடம் மாறினா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். பவுடர் கம்பெனி தளத்துலயும் புல்லட் கம்பெனி புக்லயும் இருக்கறத நேரா பாத்துக்கங்க.

கரூர்க்காரன்

சரவணா, நல்ல கேள்வி. பாதி கூட ரொம்பலன்னா ரெண்டு தடவ பவுடர் விழுந்தாலும் கேஸ் வழியாது, உனக்கு தெரியாமலே போயிரும். 9எம்எம் உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ, ரெட்டிப்பு பவுடர் அத எங்கயோ தாண்டி போயிரும். பருமனா இருக்கற பவுடரா பாத்து எடு, ரெண்டாவது தடவ விழுந்தா கண்ணுக்கு தெரியற மாதிரி நிறையணும்.

இதவிட அதிகமா நடக்கறது இன்னொண்ணு. எனக்கு நடந்தத சொல்றேன். கேஸ தானா அடுத்த கட்டத்துக்கு நகத்தற ஆட்டோ இண்டெக்ஸ் ப்ரெஸ்ல போட்டுட்டிருந்தேன், பிரைமர் ஒண்ணு சாய்ஞ்சு மாட்டிகிச்சு, கைப்பிடிய பாதில நிறுத்தி கேஸ எடுத்து திருப்பி வெச்சேன், அந்த கலவரத்துல ஒரு கேஸ் பவுடரே வாங்காம அடுத்த இடத்துக்கு போயிருச்சு. எனக்கு தெரியல. ரெண்டு வாரம் கழிச்சு மேட்ச், மூணாவது ஸ்டேஜ், ஓடிகிட்டே சுடறேன், "டொப்"னு ஒரு சத்தம், தலைகாணிய அடிச்ச மாதிரி. ஸ்லைடு அசையல. நாம என்ன பழகிருக்கோம், மேகசின தட்டு, ஸ்லைட இழு, சுடு. கை தானா தட்டிருச்சு, தானா இழுத்துருச்சு, புது ரவுண்டு சேம்பருக்குள்ள போயிருச்சு, விரல் ட்ரிக்கர் மேல. பின்னாடி நின்ன ரேஞ்ச் ஆபீசர் "ஸ்டாப்"னு போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. காலி பண்ணி, பேரல கழட்டி, வெளிச்சத்துல புடிச்சா வெளிச்சமே வரல. ஒன்றரை அங்குலம் உள்ள புல்லட் அப்படியே உக்காந்திருக்கு. பிரைமர் மட்டுமே அத அவ்ளோ தூரம் தள்ளிருச்சு. பித்தளை கம்பி வெச்சு சுத்தியலால தட்டி எடுத்தேன். இன்னொரு அரை நொடி போயிருந்தா பேரல் வெடிச்சிருக்கும், கை எப்படி இருந்திருக்கும்னு யோசிக்கவே பிடிக்கல.

மெல்லிசா லோடு போடறவங்களுக்கு இதுல கூடுதல் ஆபத்து என்னன்னா, எல்லா ரவுண்டுமே சத்தம் கம்மியா இருக்கறதால வித்தியாசம் சட்டுனு காதுக்கு தெரியாது. அதனால உன் மனைவிக்கும் சொல்லி வை, சத்தம் வேற மாதிரி வந்துச்சு, ஸ்லைடு நகரல, அப்படின்னா தட்டவும் வேண்டாம் இழுக்கவும் வேண்டாம், வாய முன்னாடியே வெச்சுகிட்டு நிறுத்து. மேட்ச் போனா போகட்டும்.

அதுக்கப்பறம் நான் புல்லட் வைக்கற இடத்துல சின்ன எல்இடி லைட்டு மாட்டிட்டேன், ஒவ்வொரு கேஸுக்குள்ளயும் எட்டிப் பாக்காம புல்லட் வைக்கறதில்ல. பேச்சு கிடையாது, போன் கிடையாது, மேசைல ஒரே ஒரு பவுடர் டப்பா. பவுடர் இல்லாதத அப்பறமா தராசுல எடை போட்டு கண்டுபிடிச்சுரலாம்னு சிலபேர் சொல்வாங்க, நம்பாத. கேஸுக்கு கேஸ் எடை வித்தியாசமே நீ போடற பவுடர் அளவுக்கு வந்துரும்.

பழைய1911

தம்பிகள் நல்லா சொல்லிருக்காங்க. நான் புல்ஸ்ஐ (காகித இலக்குல துல்லியமா சுடற போட்டி) சுடறவன், .45 ஏசிபி. எங்க ஆட்டத்துல இந்த மெல்லிசு லோடு ரொம்ப பழைய விஷயம். ராணுவ தோட்டாவான ஹார்ட்பால் 230 கிரெயின் 850 கிட்ட, நாங்க 200 கிரெயின் ஈய செமி வாட்கட்டர் (தட்டை மூக்கு புல்லட்) 750 கிட்ட ஓட்டுவோம், பவர் ஃபேக்டர் 195-ல இருந்து 150-க்கு வந்துரும், 1911-ல வழக்கமா இருக்கற 16 பவுண்டு ஸ்பிரிங்க எடுத்துட்டு 12, 13 போட்டுக்குவோம். 270 ரவுண்டு ஒரே நாள்ல மூணு துப்பாக்கில சுடற வயசானவங்களுக்கு இது இல்லன்னா கை தாங்காது. கனமா புல்லட் போடறதுதான் ஒரே வழின்னு இல்ல பாருங்க, .45-ல நாங்க கனத்தையும் கொறைச்சு வேகத்தையும் கொறைக்கறோம்.

ரொம்ப கீழ போனா இன்னொண்ணு நடக்கும். அழுத்தம் பத்தாம கேஸ் விரிஞ்சு சேம்பர் சுவத்தோட ஒட்டாது, வாயு பின்னாடி கசியும், காலி கேஸோட ஒரு பக்கம் கரி பூசின மாதிரி இருக்கும். எரியாத பவுடர் துணுக்கு மேகசின்ல கிடக்கும். கேஸ்ல வெத்திடம் ஜாஸ்தின்னா பவுடர் முன்னாடி கிடக்குதா பின்னாடி கிடக்குதாங்கறத பொறுத்து வேகம் மாறும். துப்பாக்கிய கீழ சாய்ச்சு மெதுவா தூக்கி ஒரு அஞ்சு, மேல சாய்ச்சு மெதுவா இறக்கி ஒரு அஞ்சு, க்ரோனோல (புல்லட் வேகம் அளக்கற கருவி) பாருங்க, வித்தியாசம் பெருசா இருந்தா வேற பவுடர்.

மெதுவா எரியற மேக்னம் பவுடர் எதையும் கொறைச்சு போடாதீங்க. எச்110 மாதிரி பவுடர மூணு சதவீதத்துக்கு மேல கொறைக்காதேன்னு அத விக்கற ஹாட்ஜ்டன் கம்பெனியே சொல்றாங்க.

ரொறன்ரோ_வடலி

வணக்கம் அண்ணையவை. நான் கனடாவில இருக்கிறன், இஞ்ச 2022 ஒக்ரோபரில இருந்து கைத்துப்பாக்கி புதுசா வாங்கேலாது, முதலே வச்சிருந்த ஆக்கள் அதை வச்சுத்தான் சுடுறம். அதால எனக்கு துப்பாக்கி தேயாமல் இருக்கிறது பெரிய விசயம், மெல்லிய லோட் அதுக்கும் நல்லம். குளிருக்குள்ள ஒரு பிரச்சினை, கோடையில சோலியில்லாமல் ஓடின லோட் தை மாசத்தில மக்கர் பண்ணும், எண்ணெய் தடிச்சுப் போகும், வேகமும் குறையும். மைனர் மட்டத்துக்கு 126-ல நிக்கிறவை குளிர்ல 125-க்கு கீழ விழுந்தால் அண்டைக்கு சுட்டதுக்கு புள்ளியே இல்லை. நான் 130-ல வைக்கிறன்.

அமுதன்_அரிசோனா

கொஞ்சம் பக்கத்து கேள்வி. என் பொண்ணுக்கு ஏஆர்-15 கத்துக்குடுக்கறேன், எச்4895 பவுடர 60 சதவீதம் வரைக்கும் கொறைக்கலாம்னு ஹாட்ஜ்டன் சொல்றாங்களே, அத அந்த ரைஃபிளோட .223 தோட்டால போடலாமா?

பழைய1911

அந்த 60 சதவீத கணக்கு உண்மைதான், எச்4895-க்கு குறிச்சிருக்கற உச்ச அளவுல 60 சதவீதம். ஆனா அது போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு ரவுண்டுக்கும் கையாலயே இழுக்கற) ரைஃபிளுக்கு சௌகரியம். உங்க ஏஆர்ல பேரல்ல ஒரு துளை வழியா வாயு எடுத்துதான் போல்ட் நகருது, அந்த இடத்துல அழுத்தம் பத்தாம போல்ட் பாதில நிக்கும், பொண்ணு ஒவ்வொண்ணுக்கும் கையால இழுக்கணும். .223 உதை ஏற்கனவே கம்மி, சின்ன பசங்களுக்கு பயம் வர்றது பெரும்பாலும் சத்தத்தாலதான். காதுக்குள்ள ப்ளக், மேல மஃப், ரெண்டும் போட்டு பாருங்க.

எங்கிட்ட எம்1 கேரண்ட் செமி ஆட்டோ ரைஃபிள் ஒண்ணு இருக்கு, அதுல பிரச்சினை இன்னும் வேற. மெதுவா எரியற பவுடர் போட்டா சேம்பர்ல அழுத்தம் கம்மியா இருந்தாலும் பேரல் நுனில இருக்கற துளைகிட்ட அழுத்தம் ஏறிரும், போல்ட்ட நகத்தற ஆபரேட்டிங் ராட் வளைஞ்சுரும். அதனால 4895, 4064 மாதிரி பவுடரோட நிறுத்திக்குவோம்.

புதுவரவு_24

சார் நான் எச்1பி-ல இருக்கேன், நண்பர் கூட ரேஞ்சுக்கு போறேன். துப்பாக்கி வாங்கல, ப்ரெஸ், பவுடர் மட்டும் வாங்கி அவருக்கு போட்டு குடுக்கலாமா?

ஹூஸ்டன்_தேன்மொழி

வேண்டாம் தம்பி. எச்1பி மாதிரி தற்காலிக விசால இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சுக்க அமெரிக்க மத்திய சட்டத்துல தடை இருக்கு, செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு மட்டும்தான். தோட்டாங்கற வார்த்தைக்கு அந்த சட்டத்துல இருக்கற அர்த்தத்துல காலி கேஸ், பிரைமர், புல்லட், பவுடர் எல்லாமே அடக்கம். "நான் பவுடர்தானே வாங்கினேன்"னு சொல்லி தப்பிக்க முடியாது, விசாவே போயிரும். நல்ல வக்கீல் ஒருத்தர்கிட்ட எழுத்துல கேட்டுட்டு அப்பறம் எதையும் தொடுங்க. கிரீன் கார்டு வந்துட்டா இந்த தடை இல்ல. அப்பவும் போட்ட தோட்டாவ காசுக்கு விக்கணும்னா தனி லைசென்ஸ் வேணும்.

சரவணன், உங்களுக்கு ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். பிரைமர் புகைல ஈயம் இருக்கு, டம்ப்ளர் (காலி கேஸ உருட்டி சுத்தம் பண்ற மெஷின்) தூசில இருக்கு. வீட்ல குழந்தை இருந்தா ட்ரை டம்ப்ளர வீட்டுக்குள்ள ஓட்டாதீங்க, ரேஞ்ச் சட்டைய தனியா துவைங்க, பச்சத்தண்ணில சோப்பு போட்டு கை கழுவிட்டு அப்பறம்தான் சாப்பாடு.

பிளேனோ_சரவணன்

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

147 வந்துச்சு. மொதல்ல பேரல கழட்டி வெச்சு ஒரு டம்மி ரவுண்டு உள்ள விட்டு பாத்தேன், "டக்"னு விழாம பாதில ஒட்டிகிச்சு, கோட்டட் புல்லட்டோட தோள் பட்டை பேரல் உள்ள இருக்கற ரைஃப்ளிங் வரிகள தொடுது. நீளத்த கொஞ்சம் கொறைச்சதும் விழுந்துச்சு, விரலால சுத்தினா சுத்துது. நீளம் கொறைச்சா அழுத்தம் கூடும்னு தெரியும், அந்த நீளத்துக்கு உள்ள டேட்டா தேடி எடுத்து மறுபடி கீழ இருந்து ஆரம்பிச்சேன். கிரிம்ப் (கேஸ் வாய புல்லட்டோட இறுக்கறது) லேசா டேப்பர் மட்டும், 9எம்எம் கேஸ் வாய்லதான் சேம்பர்ல உக்காரும்னு தெரியாம மொதல்ல ஜாஸ்தி இறுக்கியிருந்தேன்.

கார்மின் க்ரோனோ நண்பர் குடுத்தார், இருபது ரவுண்டு சராசரி 805. பவர் ஃபேக்டர் 118 வருது. 15 பவுண்டு ஸ்பிரிங் போட்டேன், 13 அந்த ட்ரிக்கர் சோதனைல ஒரு நூல் நின்னுச்சு, எடுத்து வெச்சுட்டேன். அவ இடது கைல தளர்வா ஒரு ரவுண்டு சோதனை பத்துக்கு பத்து பூட்டிச்சு. மீதிய அவளே எழுதறேங்கறா.

—

வணக்கம், நான் சரவணன் மனைவி. இவர் காட்டுனப்பதான் இந்த இழைய முழுசா படிச்சேன். தேன்மொழி அக்கா, அந்த "அவங்க மேல தப்பே இல்ல"ங்கற வரிய நாலு தடவ படிச்சேன். ஆபரேஷனுக்கு அப்பறம் ஜாடி மூடி தொறக்கறதுல இருந்து எல்லாத்துக்கும் யாராவது வந்து நிக்கறாங்க, துப்பாக்கி மட்டும்தான் நான் தனியா நின்னு செய்யற ஒண்ணு, அதுவும் போயிருச்சோன்னு இருந்தேன்.

சனிக்கிழமை 120 ரவுண்டு சுட்டேன். ஒண்ணும் மாட்டல. டாட் மேல போய் அதே இடத்துல வந்து உக்காருது, முன்னாடி மாதிரி தேட வேண்டியதில்ல. ராத்திரி மணிக்கட்டுல கொஞ்சம் அலுப்பு இருந்துச்சு, வலி இல்ல, ஐஸ் வைக்கல. கரூர் அண்ணே, அந்த "டொப்" கதைய படிச்ச அப்பறம் நான் ஒவ்வொரு ரவுண்டுக்கும் சத்தத்த காது குடுத்து கேக்கறேன்.

அடுத்த மாசம் மேட்ச்சுக்கு பேர் குடுத்துட்டேன். புல்லட் வைக்கற இடத்துக்கு எந்த லைட்டு மாட்டினீங்கன்னு மட்டும் சொல்லுங்க, இனிமே என் தோட்டாவ நானே போடப்போறேன், கைப்பிடிய இடது கையால இழுத்துக்கறேன்.